மேடையேறிய கண்ணீர்

கேட்டி பெர்ரியின் உலகச் சுற்றுப்பயணத்தைப் பதிவுசெய்த ‘பார்ட் ஆஃப் மீ’ 2012-ல் திரைக்கு வந்தது. பார்த்தவர்கள் பாடல்களை மறந்திருக்கலாம். ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். 2011 செப்டம்பர், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. அவருடைய மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கிறது. ஒப்பனை அறையில் அவர் அழுகிறார், உடன் இருப்பவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பிறகு எழுந்து, மார்பில் மிட்டாய் வட்டங்கள் சுழலும் உடையை மாட்டிக்கொண்டு, மேடைக்கு அடியில் இருக்கும் லிஃப்டில் போய் நிற்கிறார். அங்கும் அழுகை அடங்கவில்லை. லிஃப்ட் மேலே எழும் அந்தச் சில நொடிகளில் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறார். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்கிறார்கள். இப்படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலரும், பெர்ரியின் இசையை விரும்பாதவர்கள்கூட, இந்தக் காட்சிக்காகப் படத்தை மெச்சினார்கள். நட்சத்திரத்துக்குள் இருக்கும் மனிதரைக் கடைசியில் பார்த்துவிட்டோம், மேடைச் சிரிப்பு வேடம், அறைக் கண்ணீர் உண்மை, அழுதபடியே மேடையேறியது வீரம் என்பது அந்தப் பாராட்டின் சாரம். அதற்குப் பிறகு வந்த இசை ஆவணப்படங்கள் பலவற்றையும் நாம் இந்த அளவுகோலால்தான் அளக்கிறோம். இந்த அளவுகோல் பிழையானது, பாடுகிறவர்களுக்குத் தீங்கும் செய்கிறது என்பது என் வாதம்.

அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அவர் மெய்யாகத்தான் அழுதார். பார்க்கிறவர் நெஞ்சு இளகுவதும் நியாயம்தான். ஆனால் ஒரு துயரம் உண்மையாக இருப்பது வேறு, அது படத்தில் இடம்பெறும் காரணம் வேறு. இவ்வகைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு கண்ணில் படுகிறது. எந்தத் துயரம் மேடையேறுவதில் போய் முடிகிறதோ அதைக் கேமரா பிடித்து வைக்கிறது, தொகுப்பாளர் அதைப் படத்தின் உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். எந்தத் துயரம் நிகழ்ச்சியையே நிறுத்திவிடக்கூடுமோ அது வெட்டுப்படுகிறது, அல்லது கேமராவின் கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே நமக்குக் கிடைப்பது தேர்ந்தெடுத்த துயரம். அதை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டு, ‘இந்த நிலையிலும் பாடினாரே’ என்று கைதட்டும்போது, ‘இந்த நிலையில் அவர் ஏன் பாட வேண்டியிருந்தது’ என்ற கேள்வியை நாமே மூடிவிடுகிறோம்.

‘பார்ட் ஆஃப் மீ’யையே நிதானமாகப் பார்ப்போம். அந்தச் சுற்றுப்பயணம் 2011 பிப்ரவரியில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு நடந்தது. இடையில் கிடைத்த ஓய்வு நாட்களில் பெர்ரி கணவரைப் பார்க்க விமானம் ஏறிப் பறந்து, களைத்துத் திரும்புவதைப் படம் காட்டுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய ‘டீனேஜ் ட்ரீம்’ ஆல்பத்தின் ஐந்தாவது பாடல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரே ஆல்பத்தில் ஐந்து முதலிடம் என்ற மைக்கேல் ஜாக்சனின் சாதனைக்கு அவர் சமமானார். அதாவது சாவோ பாவ்லோ அழுகைக்கும் அந்த உச்சத்துக்கும் இடையில் சுமார் ஒரு மாதம்தான். உடைந்த மனமும் ஓயாத பயணமும் உச்சத்தில் ஓடும் வியாபாரமும் ஒரே உடம்பில் மோதுகிற கதை அது. படம் இவை எல்லாவற்றையும் வைத்திருந்தும் ஒன்றை மட்டுமே சொல்கிறது: காதலுக்காகவும் ரசிகர்களுக்காகவும் தன்னை வருத்திக்கொண்ட ஒரு பெண்ணின் மன உறுதி. இத்தனை நகரங்களை இத்தனை நெருக்கமாக யார் அடுக்கினார்கள், ஒரு வாரம் இடைவெளி விட்டிருந்தால் யாருக்கு எவ்வளவு நட்டம், அந்த இடைவெளியைக் கேட்கும் நிலையில் அவர் இருந்தாரா? இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பெர்ரியே தயாரிப்பாளர்களில் ஒருவர்; அவர் மேலாளர்களும் தயாரிப்பில் இருந்தார்கள். பயணத்தை நடத்தியவர்களே பயணத்தின் வேதனையைப் பற்றிய படத்தையும் எடுத்தால், வேதனைக்குக் காரணமாக விதி இருக்கும், காதல் இருக்கும், நிகழ்ச்சி அட்டவணை மட்டும் இருக்காது.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க ஜாக்சனிடமே போகலாம். 2009 மார்ச்சில் அவர் லண்டன் ஓ2 அரங்கில் பாடப்போவதாக அறிவித்தார். பத்து நிகழ்ச்சிகள் என்று தொடங்கியது ஐம்பதாக வளர்ந்தது. ஜூன் 25 அன்று, முதல் நிகழ்ச்சிக்குச் சில வாரங்களே இருந்தபோது, புரோபஃபால் என்ற மயக்க மருந்தால் இறந்தார். ஒத்திகைகளில் எடுத்த நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து ‘திஸ் இஸ் இட்’ தொகுக்கப்பட்டு அக்டோபர் இறுதியிலேயே உலகெங்கும் வெளியாகி, 26 கோடி டாலரைத் தாண்டி ஈட்டியது. அதில் நாம் பார்ப்பது நேர்த்தியை விடாமல் தேடும், மெல்லிய குரலில் திருத்தம் சொல்லும், இன்னமும் ஆடக்கூடிய ஒரு கலைஞரை. 2011-ல் அவருடைய மருத்துவர் மீது நடந்த வழக்கில் அந்த நிகழ்ச்சிக்கும் படத்துக்கும் இயக்குநரான கென்னி ஓர்டேகா சாட்சி சொன்னபோதுதான் இன்னொரு ஜாக்சன் வெளியே வந்தார். ஜூன் 19 அன்று ஒத்திகைக்கு வந்தவர் நடுங்கிக்கொண்டிருந்தார், குளிரில் விறைத்திருந்தார், அவருக்குப் போர்வை போர்த்தி உணவு கொடுக்க வேண்டியிருந்தது. கலங்கிப்போன ஓர்டேகா நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தின் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதினார். அடுத்த வாரம் ஜூன் 23, 24 தேதிகளில் ஜாக்சன் உற்சாகமாகத் திரும்பி வந்தார் என்றும் அதே சாட்சியத்தில் உண்டு. படம் அந்த உற்சாகத்தை வைத்துக்கொண்டது. நடுங்கிய இரவின் சாயல்கூட அதில் இல்லை. ஒரு கலைஞரின் உண்மை நிலையை அறிய உலகமே ஏங்கிய நேரத்தில், ஒத்திகை ஆவணப்படம் தராத உண்மையை நீதிமன்றக் கூண்டு தந்தது. அந்த இரவு மேடையேறுவதில் முடியும் கதை ஆகாது. அதற்குப் படத்தில் இடம் இருந்திருக்கவே முடியாது.

கேமரா அருகில் இருந்தாலே போதும், மனம் திறந்துவிடும் என்ற நம்பிக்கையை டெமி லோவாட்டோவின் அனுபவம் முற்றாக உடைக்கிறது. 2010 இறுதியில் ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே விலகிச் சிகிச்சைக்குப் போன அவர், மீண்டெழுந்த கதையை 2012-ல் எம்டிவியின் ‘ஸ்டே ஸ்ட்ராங்’ படத்தில் சொன்னார். உணவுக் கோளாறு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது, மறுவாழ்வு எல்லாம் அதில் இருந்தன; அந்த வெளிப்படைத்தன்மை பலரைத் தொட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து ‘சிம்ப்ளி காம்ப்ளிகேட்டட்’ படத்தில் அவரே சொன்னார்: போதையிலிருந்து மீண்டதைப் பற்றிப் பேசிய அந்தப் படத்தின் படப்பிடிப்பின்போதே அவர் கொக்கைன் எடுத்துக்கொண்டிருந்தார். அதோடும் முடியவில்லை. 2018-ல் அவருடைய அடுத்த பயணத்தை இன்னொரு படக்குழு தொடர்ந்தது. ஜூலையில் அளவுமீறிய போதைப்பொருளால் அவர் உயிர் போகும் நிலைக்குப் போனார், அந்தப் படம் கைவிடப்பட்டது. 2021-ல் வந்த ‘டான்சிங் வித் த டெவில்’ தொடரில் அந்தக் கைவிடப்பட்ட பதிவுகளைப் பார்க்கலாம்: உறுதியான குரல், அரங்கு நிறைந்த கூட்டம். இரண்டு முறை கேமரா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, இரண்டு முறையும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இதை அவருடைய நேர்மைக் குறைவாகச் சொல்வது கொடுமை. மீண்டுவிட்ட கதையை எடுக்க வந்த கேமராவின் முன்னால் ‘நான் இன்னும் மீளவில்லை’ என்று சொல்ல எவருக்குத்தான் முடியும்? கேட்கப்படும் துயரத்துக்கு ஒரு வடிவம் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது: அது கடந்து வந்ததாக இருக்க வேண்டும்.

கடக்க முடியாத துயரம் மேடைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2011 ஜூன் 18 அன்று ஏமி வைன்ஹவுஸ் பெல்கிரேடு நகரில் மேடையேறினார். தள்ளாடினார், வரிகள் வரவில்லை, பாட மறுத்து நின்றார். கூட்டம் கூச்சலிட்டு அவரை எள்ளியது. மீதிப் பயணம் ரத்தானது; ஜூலை 23 அன்று தம் வீட்டில் இறந்தார், வயது 27. ஆசிஃப் கபாடியா இயக்கி 2015-ல் வந்த ‘ஏமி’ படத்தில் அந்த இரவு இருக்கிறது; அந்தப் பயணத்துக்குப் போக அவருக்கு விருப்பமே இல்லை என்று அதில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். பெல்கிரேடுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் இடையில் மூன்றே மாதங்கள். முதல் நகரில் பாட முடியாத பெண்ணுக்கு ஏளனம், இரண்டாவது நகரில் அழுகையை விழுங்கிப் பாடிய பெண்ணுக்கு ஆரவாரம். இந்த இரண்டையும் எதிரெதிரானவையாக நாம் நினைக்கிறோம். என் கண்ணுக்கு அவை ஒரே எதிர்பார்ப்பின் இரண்டு வெளிப்பாடுகள். டிக்கெட் வாங்கியவருக்குப் பாட்டு வந்தே தீர வேண்டும் என்ற உறுதியான எண்ணம், நிறைவேறும் இடத்தில் கண்ணீரைப் போற்றுகிறது, நிறைவேறாத இடத்தில் கண்ணீரைப் பழிக்கிறது. போற்றுகிற கை கனிவானது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

லேடி காகாவின் ‘ஃபைவ் ஃபுட் டூ’ 2017 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது இதே ஒழுங்கு இன்னும் பச்சையாகத் தெரிந்தது. உடல் முழுவதும் படரும் வலியில் அவர் துடித்து அழுவதை அப்படம் ஒளிக்காமல் காட்டுகிறது. அதற்காக அதை மதிக்கவே செய்கிறேன். ஆனால் படம் எங்கே போய் நிற்கிறது? 2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பௌல் இடைவேளை நிகழ்ச்சிக்காகக் கம்பிகளில் தொங்கியபடி அவர் மேலே எழும் காட்சியில். பெர்ரி லிஃப்டில் எழுந்தார், காகா கம்பியில் எழுந்தார். இரண்டு படங்களும் வலியை அந்த எழுச்சிக்கான முன்கதையாகவே வைத்திருக்கின்றன. படம் வெளியான அதே மாதத்தில் காகா வலியின் காரணமாக ரியோ நிகழ்ச்சியிலிருந்து விலகி, ஐரோப்பியப் பயணத்தைத் தள்ளிவைத்தார்; 2018 பிப்ரவரியில் அங்கே மிஞ்சியிருந்த நிகழ்ச்சிகளை ரத்தும் செய்தார். அவருடைய நோயைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியவை அந்த ரத்து அறிவிப்புகள்தான். அவற்றுக்குப் பின்னணி இசை கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மேடை எப்படியும் வேடம்தானே, வேடத்தைக் கழற்றிக் காட்டும் படம் எதையாவது கூடுதலாகத்தானே தருகிறது என்பார்கள். இந்தப் பார்வையின் வேரே எனக்கு ஏற்புடையதல்ல. பாடகரின் உண்மை ஒப்பனை அறையில் இருக்கிறது என்று யார் சொன்னது? 1972 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடினார். சிட்னி பொல்லாக் அதைப் படமாக்கினார். காட்சிகளின் தொடக்கத்தில் கிளாப் பலகை அடிக்காததால் ஒலியும் படமும் பொருந்தாமல் போய், படம் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. பின்னாளில் அதை வெளியிட முயன்றபோது ஃபிராங்க்ளினே வழக்குப் போட்டுத் தடுத்தார். அவர் 2018 ஆகஸ்டில் இறந்த பிறகே ‘அமேசிங் கிரேஸ்’ திரைக்கு வந்தது. அதில் பேட்டி இல்லை, அந்தரங்கம் இல்லை. ஃபிராங்க்ளின் பேசுவதே மிகக் குறைவு. வியர்வை வழிய அவர் பாடுகிறார்; அவருடைய தந்தை வந்து முகத்தைத் துடைத்துவிடுகிறார். பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவ்லண்ட் தாங்க முடியாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுகிறார். அழுதவர் கேட்டவர்தான், பாடியவரின் குரல் உடையவில்லை. ஒரு மனிதரின் துயரமும் நம்பிக்கையும் இவ்வளவு நெருக்கமாக வேறெந்த இசைப்படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பெண்ணின் மணவாழ்க்கை பற்றியோ மனச்சோர்வு பற்றியோ அந்தப் படத்திலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவராது. தெரியாததால் இழப்பும் இல்லை. பாட்டையே கேட்கத் தெரியாத காதுக்குத்தான் கண்ணீர் சான்றிதழாகத் தேவைப்படுகிறது. பெர்ரியின் மேடைச் சிரிப்பையும் இப்படியே பார்க்கிறேன். ஆண்டுகளாகப் பழகிய தொழில் திறமை அது. அதைப் ‘பொய்’ என்று ஒதுக்கி அழுகையை மட்டும் ‘அசல்’ என்று எடுத்துக்கொள்வது, அவர் உழைத்துச் சம்பாதித்ததை விட்டுவிட்டு அவர் பட்ட காயத்தை மட்டும் அவருக்குச் சொந்தமாக்குவது.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: சம்பந்தப்பட்டவரே சம்மதித்துத்தானே எடுக்கிறார்கள்? நட்சத்திரத்தைப் பொறுத்தவரை உண்மை. பல நேரங்களில் அவரே தயாரிப்பாளர். ஆனால் அந்தரங்கம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பது அரிது. மடோனாவின் 1990 பயணத்தைப் பதிவுசெய்த ‘ட்ரூத் ஆர் டேர்’ 1991-ல் வந்தது. மேடைக்குப் பின்னால் நடப்பதைக் காட்டும் இன்றைய மரபுக்கு அதுவே தாய்ப்படம். அதில் ஆடிய நடனக்கலைஞர்கள் மூவர், தங்கள் அந்தரங்கம் மீறப்பட்டதாக 1992-ல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஓர் ஆணை முத்தமிடும் காட்சியை நீக்கச் சொல்லி அவர்களில் ஒருவர் கேட்டிருந்தார், காட்சி நீங்கவில்லை. அவர் 1995-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். மடோனாவுக்குத் தைரியமான வெளிப்படை என்று பெயர் வாங்கித் தந்த அதே கேமரா, அந்த இளைஞர் சொல்லத் தயாராகாத ஒன்றை உலகத்துக்குச் சொல்லிவிட்டது. கையெழுத்திட்ட சம்மதத்தால் கலைஞரின் கண்ணீருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கலாம். அருகில் நின்ற கணவனோ தோழியோ ஊழியரோ அந்தச் சம்மதத்துக்குள் அடங்க மாட்டார்கள்.

கண்ணீரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் விளம்பரப் படம்தானே என்றும் கேட்கலாம். மிஞ்சுவது எவ்வளவோ இருக்கிறது. துறையின் முன்னோர்கள் எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். பாப் டிலனின் 1965 இங்கிலாந்துப் பயணத்தைப் பற்றி டி.ஏ. பென்னிபேக்கர் எடுத்த ‘டோன்ட் லுக் பேக்’ படத்தில், மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிபிசியையும் கிரானடா தொலைக்காட்சியையும் தொலைபேசியில் மோதவிட்டுக் கட்டணத்தை ஏற்றுகிறார். யாரும் அழாத காட்சி அது. ஆனால் ஒரு பாடகர் ஏன் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டப்படுகிறார் என்பதை அந்தச் சில நிமிடங்கள் தெளிவாகச் சொல்கின்றன. அதே படத்தில், உடன் வந்தும் மேடைக்கு அழைக்கப்படாத ஜோன் பேயஸ் ஓரமாக உட்கார்ந்து பாடுகிறார், பிறகு போய்விடுகிறார். அவர் துயரத்துக்கு யாரும் அடிக்கோடு இடவில்லை. பார்ப்பவரே கண்டுகொள்ள வேண்டும். 1970-ல் வந்த ‘கிம்மி ஷெல்டர்’ அதையும் தாண்டியது. அல்டமான்ட் நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் கொல்லப்பட்ட பதிவை, அங்கே பாடிய மிக் ஜாகர் தொகுப்பு மேசையின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதை அது காட்டுகிறது. தான் ஒரு படம் என்பதையும், அதைத் தொகுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அது மறைக்கவில்லை. இந்த நேர்மைக்கு முன்னால் இன்றைய ஒப்பனை அறைக் காட்சிகள் எனக்குக் கூச்சமுள்ளவையாகத் தெரிகின்றன. கண்ணீரைத் துணிந்து காட்டுகின்றன, கணக்குப் புத்தகத்தைக் காட்ட அஞ்சுகின்றன.

வேலையே மருந்து என்று வாதிடுகிறவர்களையும் தட்டிக்கழிக்க முடியாது. துக்கத்தின் நடுவில் பாடுவது சிலரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பெர்ரிக்கும் அன்றைய கூட்டத்தின் அன்பு ஆறுதலாக இருந்திருக்கலாம். அந்த இரவில் அவர் எடுத்த முடிவு தவறு என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மருந்தென்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஆடலும் பாடலும் கட்டாயமான பிறகு அவற்றை ஆறுதல் என்று அழைப்பது நோயாளியைப் பார்க்காமல் மருந்தைப் புகழ்வது. டிக்கெட் வாங்கி நெடுந்தூரம் வந்த ரசிகர்களின் ஏமாற்றம் உண்மையானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏமாற்றத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், வேறு தேதி தரலாம், காப்பீடும் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் இருப்பதற்கு அப்படி எந்த ஈடும் கிடையாது.

இப்படங்களைப் பார்த்துத் தங்கள் மனநோயைப் பற்றிப் பேசத் துணிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள் என்ற வாதத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லா மறுப்புகளிலும் இதுவே வலுவானது. செலீனா கோமஸின் ‘மை மைண்ட் அண்ட் மீ’ 2022-ல் வந்தது. இயக்கியவர் அலெக் கெஷிஷியன், ‘ட்ரூத் ஆர் டேர்’ எடுத்த அதே இயக்குநர். 2016 பயணத்தைப் படமாக்கத் தொடங்கினார்கள், 55 நிகழ்ச்சிகளுக்குப் பிறகு கோமஸ் பயணத்தை ரத்து செய்தார், படமும் நின்றது. சில ஆண்டுகள் கழித்துப் படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியபோது, அவருக்கு இருமுனைக் கோளாறு என்று கண்டறியப்பட்டது உட்பட அனைத்தும் கதைக்குள் வந்தன. தன்னை ஒரு பண்டமாக உணரவைக்கும் விளம்பரப் பேட்டிகளில் அவர் சலித்துப்போவதும் அதில் இருக்கிறது. அது பலருக்கு உதவியது என்றால் நம்புகிறேன். ஆனால் அது எப்படி உதவியது என்று பாருங்கள். மேடையேறுவதில் முடியும் படமாக அது முடியவில்லை. பயணம் நின்ற பின்னும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், திரும்பி வர ஆண்டுகள் பிடிக்கும் என்று சொன்னதால்தான் அதைப் பார்த்த ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு ‘நானும் நிறுத்தலாம்’ என்று தோன்றியிருக்க முடியும். 2016-ல் அவர் ரத்து செய்யாமல், மருந்து உண்டு, ஒப்பனை போட்டு, ஐம்பத்தாறாவது மேடையிலும் ஏறியிருந்தால், நமக்கு இதைவிட விறுவிறுப்பான படம் ஒன்று அப்போதே கிடைத்திருக்கும். அதற்கும் நாம் கண் கலங்கியிருப்போம்.